எனக்குப் பிறகு என் மகனின் பணத்தை யார் பார்ப்பார்கள்? அரசு அறங்காவலர் அலுவலகம் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 68. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன், வயது 36. பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு. தன் வேலைகளைத் தானே செய்துகொள்வான். ஆனால் பணம் என்றால் என்னவென்றே தெரியாது, யார் கேட்டாலும் கொடுத்துவிடுவான். சொந்த வீடு இருக்கிறது. கணவரின் ஓய்வுக்கால நிதியும் என் சேமிப்பும் வங்கி வைப்பில் இருக்கின்றன. என் தம்பி மகன், “எல்லாத்தையும் என் பேருக்கு எழுதிடுங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்” என்கிறான். நல்ல பையன்தான், ஆனால்... என்னுடன் வேலை பார்த்த ஒருவர், அரசு அறங்காவலர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள் என்கிறார். அந்த அலுவலகம் என்ன செய்யும்? அரசாங்கத்திடம் கொடுத்தால் பணம் அரசாங்கத்துக்கே போய்விடாதா? மகனுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பார்களா? பிறகு என் மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கேள்விகளில் உங்களை அதிகம் உறுத்துவது இரண்டாவது என்று நினைக்கிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். அரசு அறங்காவலரிடம் ஒப்படைக்கும் பணம் அரசாங்கத்துக்குப் போகாது. சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், அதன் பலன் முழுவதும் இன்னொருவருக்குச் சேரும். டிரஸ்ட் என்பதன் அடிப்படையே இதுதான். இங்கே பெயர் அறங்காவலருடையது, பலன் உங்கள் மகனுடையது. அந்தப் பணம் அலுவலகத்தின் வருமானம் ஆகாது, அரசின் வரவு செலவுக் கணக்கிலும் சேராது. பல பேருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்தாலும், யாருக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு வைத்தாக வேண்டும். அந்தக் கணக்கு தணிக்கைக்கும் உட்பட்டது.

உங்கள் பயம் உண்மையாகக்கூடிய இடம் ஒன்று மட்டும் உண்டு. மகன் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்று நீங்கள் எழுதாமல் விட்டு, அவருக்குச் சட்டப்படியான வாரிசு ஒருவரும் இல்லாமல் போனால், அந்த மிச்சம் கடைசியில் அரசுக்குத்தான் சேரும். வாரிசில்லாத சொத்துக்குப் பொதுவாக உள்ள விதி அது, அறங்காவலர் அலுவலகத்தால் வருவதல்ல. “என் மகனுக்குப் பிறகு மீதி இன்னாருக்கு” என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கவலை தீர்ந்தது. தம்பி மகனின் பிள்ளைகளுக்கு எழுதலாம், மகன் போகும் பகல்நேரப் பயிற்சி இல்லத்துக்கு எழுதலாம், உங்கள் விருப்பம்.

“நல்ல பையன்தான், ஆனால்” என்று எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த ‘ஆனால்’ வந்ததற்காக மனம் சங்கடப்படாதீர்கள். அவர் அப்பழுக்கில்லாத மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அவர் பெயருக்கு எழுதிவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது அவருடைய சொத்து. மகனைப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தீர்கள் என்பது உங்கள் மனதில் இருக்கும், பத்திரத்தில் இருக்காது. நாளைக்கு அவர் தொழிலில் நொடித்துப்போனால் கடன் கொடுத்தவர்கள் அந்த வீட்டின் மீதும் கை வைப்பார்கள். அவருக்கு மணமுறிவு ஏற்பட்டால் அந்தப் பணமும் பேச்சுக்கு வரலாம். உங்கள் மகனுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டால் எல்லாம் அவர் மனைவி மக்களுக்குப் போகும். அவர்களுக்கு உங்கள் மகன் மீது பாசம் இருக்கலாம், ஆனால் சட்டக் கடமை என்று எதுவும் இருக்காது. இதில் யாரும் மோசம் செய்யவில்லை, கவனித்தீர்களா? கடன், மணமுறிவு, மரணம் மூன்றும் நல்லவர்களுக்கும் வரும். என் தொழிலில் நான் பார்த்த கசப்பான குடும்ப வழக்குகளில் பல, திருட்டால் வந்தவை அல்ல. நம்பிக்கையாக எழுதிக்கொடுத்து, அந்த நம்பிக்கையைத் தாளில் ஏற்றாததால் வந்தவை.

அரசு அறங்காவலர் என்ற பதவி பிறந்ததே இந்தச் சிக்கலால்தான். நியூசிலாந்து 1872இலேயே இதற்கென்று சட்டம் இயற்றியது. அங்கே குடியேறியவர்களில் பலருக்கு உற்றார் உறவினர் கடல்கடந்த தூரத்தில். ஒருவர் இறந்தால் அவர் சொத்தை நம்பி ஒப்படைக்க ஆள் கிடைப்பது அரிது, கிடைத்த ஆளும் ஊர் மாறிப் போய்விடுவார். இங்கிலாந்தில் 1906இல் சட்டம் வந்து 1908 ஜனவரியில் அலுவலகம் தொடங்கியது. இந்தியாவில் அரசு அறங்காவலருக்கு அஃபீஷியல் டிரஸ்டி என்று பெயர், அங்கே இன்று நடப்பில் இருக்கும் அஃபீஷியல் டிரஸ்டி சட்டம் 1913ஆம் ஆண்டுடையது. இலங்கையில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டளைச் சட்டம் 1922இல் வந்தது. மலேசியாவில் அரசுத் துறையாக இருந்தது 1995இல் அமானா ராயா என்ற அரசு நிறுவனமாக மாறியது.

இந்தச் சட்டங்களின் உயிர்நாடி ஒன்றுதான். அறங்காவலராக இருப்பது ஒரு பதவி, மனிதர் அல்ல. அந்த நாற்காலியில் இருப்பவர் ஓய்வு பெறுவார், இறப்பார், மாற்றலாகிப் போவார், பதவி நிற்கும். உங்கள் மகனுக்கு 36 வயது. இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்காக ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அத்தனை காலம் தாங்கும் என்று எந்தத் தனி மனிதரைச் சொல்ல முடியும்?

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இங்கிலாந்தின் 1906 சட்டப்படி, ஒரு தனியார் டிரஸ்டி, அதாவது அறங்காவலர், தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டிய இழப்பு அரசு அறங்காவலரால் ஏற்பட்டால், அதை அரசுக் கருவூலம் ஈடுகட்ட வேண்டும். இந்தியச் சட்டத்திலும் அரசுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்கு எந்தப் பங்கும் இல்லாமல், உரிய கவனத்தோடு இருந்தும் தடுக்க முடியாமல் போன இழப்புக்கு அது பொருந்தாது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தின் தவறால் பணம் போனால் அரசு தரும். சந்தை விழுந்து முதலீட்டின் மதிப்பு குறைந்தால், பொதுவாகத் தராது. அதனால்தான் இந்த அலுவலகங்கள் பெரும்பாலும் பத்திரமான முதலீடுகளையே நாடுகின்றன. வருமானம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது சரியான பேரம் என்றே நான் சொல்வேன்.

சரி, அந்த அலுவலகம் என்னென்ன செய்யும்? உயில் இல்லாமல், அல்லது உயிலை நிறைவேற்ற ஆள் இல்லாமல் இறந்தவரின் சொத்தைச் சேகரித்து, கடனை அடைத்து, வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவது. சிறுவர்களுக்கு வந்த பங்கையும் விபத்து இழப்பீட்டையும் அவர்கள் வயதுக்கு வரும்வரை வைத்திருப்பது. தன் பணத்தைத் தானே கையாள முடியாதவர்களின் சொத்தை நிர்வகிப்பது. கல்வி உதவி, மருத்துவ உதவி என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த அறநிதிகளைக் காப்பது. சில நாடுகளில் உயில் எழுதியும் தருவார்கள், பத்திரப்படுத்தியும் வைப்பார்கள். எல்லா நாட்டிலும் எல்லாச் சேவையும் இருக்காது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆகவே முக்கியமான வேறுபாடுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால், இரண்டு செய்திகள் உங்களுக்கு முக்கியம். ஒன்று, அஃபீஷியல் டிரஸ்டி எப்போதும் தனி டிரஸ்டியாகத்தான் இருப்பார். அவரையும் தம்பி மகனையும் கூட்டு டிரஸ்டிகளாகப் போட முடியாது, சட்டமே தடுக்கிறது. உயில் மூலம் வந்தால், அவரை மட்டுமே எக்ஸிக்யூட்டராகவும் (உயிலை நிறைவேற்றுபவர்) டிரஸ்டியாகவும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினால் சிக்கல்தான். இரண்டு, உங்கள் மகனுக்குக் காப்பாளர் நியமிப்பது அந்த அலுவலகத்தின் வேலை அல்ல. அதற்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தக் குழு காப்பாளரை நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலைத் தர வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் இருக்கும்போதே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே அரசு அறங்காவலர் மற்றவரோடு சேர்ந்தும் டிரஸ்டியாக இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சொத்து அவர் பெயரில் இருக்க, அன்றாட முடிவுகளை வேறு டிரஸ்டிகள் எடுக்கும் ஏற்பாடும் உண்டு. சொத்தின் அளவு சிறியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு டிரஸ்ட்டை ஏற்க மறுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். இருந்தாலும் நடைமுறையில், வேறு தகுந்த ஆள் இல்லாத நிலையில்தான் இப்போது புதிய டிரஸ்ட்டுகளை எடுக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருந்தால் உங்களுக்கு நல்ல வழி ஒன்று திறந்திருக்கிறது. உங்கள் மகனைப் போன்றவர்களுக்காகவே சிறப்புத் தேவை அறநிதி நிறுவனம் என்று ஒன்று 2008இல் அமைக்கப்பட்டது. அதில் பெற்றோர் வைக்கும் பணத்தை அரசு அறங்காவலர் முதலீடு செய்கிறார், அசல் தொகைக்கு அரசு உத்தரவாதம் உண்டு. கூடவே ஒரு பராமரிப்புத் திட்டமும் எழுதி வாங்குகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் செய்யாமல் இறந்தால் அந்தப் பணம் அரசு அறங்காவலரிடம் போய், சட்டம் சொல்லும் பங்குப்படி பிரிக்கப்படும். அப்படிப் பிரித்துத் தர அவர் கட்டணமும் எடுத்துக்கொள்வார்.

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் அரசுக் காப்பாளர் அலுவலகம் பெரும்பாலும் கடைசி வழி. வேறு யாரும் முன்வராதபோது தன் பணத்தைக் கையாள முடியாதவரின் சொத்தை அது எடுத்துக்கொள்ளும், பிறகு குடும்பத்தார் விண்ணப்பித்து அந்த இடத்துக்கு வரலாம். அங்கே பலரும் நாடுவது ஹென்சன் டிரஸ்ட் எனப்படும் ஏற்பாட்டை. 1989இல் ஒரு தீர்ப்பில் உறுதியானது. எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை முழுக்க டிரஸ்டியின் முடிவுக்கு விட்டுவிடுவார்கள், அதனால் அந்தப் பணம் மகனுடைய கையிருப்பாகக் கணக்கிடப்பட்டு அவருடைய அரசு உதவித்தொகை நின்றுபோகாது. உதவித்தொகையை வருமானமும் சொத்தும் பார்த்துத் தரும் நாடு எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மகன் பெயருக்கே நேரடியாகப் பணத்தை எழுதிவைத்து, மறுமாதமே அவருடைய உதவித்தொகையை இழக்கவைத்த பெற்றோர் இருக்கிறார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மாதாமாதம் பணம் கொடுப்பார்கள், ஆனால் நீங்கள் எழுதிவைத்தபடிதான் கொடுப்பார்கள். “மகனின் நலனுக்காக” என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு செலவுக்கும் யாராவது விண்ணப்பித்து, அலுவலகம் ஆராய்ந்து, அப்புறம்தான் பணம் வரும். அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். உங்கள் மகனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, கன்னத்தில் அறைந்துகொள்கிறார். பார்த்துக்கொள்பவர் பல் மருத்துவரிடம் அழைத்துப்போகிறார். வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டும், இவ்வளவு ஆகும் என்கிறார் மருத்துவர். பார்த்துக்கொள்பவர் அந்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, மருத்துவரின் கடிதத்தோடு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும். எழுத்தர் பழைய பில்லைக் கேட்கலாம், இது அவசியமா என்று கேட்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது, பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பல்வலி அத்தனை நாள் காத்திருக்காது.

ஆகவே பத்திரத்தில் மூன்று அடுக்காக எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு, தங்கல், பராமரிப்பாளர் சம்பளம், பகல்நேரப் பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு நிலையான மாதத் தொகை. விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தும் அதிகாரம் டிரஸ்டிக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று தாராளமாகத் தெரியும் தொகை இருபது ஆண்டில் ஒன்றுக்கும் உதவாது. அடுத்து, அவசரச் செலவுக்காகப் பார்த்துக்கொள்பவர் கையில் ஒரு சுழல் தொகை. செலவு செய்துவிட்டு பில் கொடுத்தால் அலுவலகம் அதை மறுபடி நிரப்பும். இதை அலுவலகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு, ஏற்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். அறுவை சிகிச்சை, வீட்டைப் பழுதுபார்ப்பது போன்ற பெரிய செலவுகளுக்கு மட்டும் விண்ணப்பமும் மதிப்பீடும் போதும்.

கிட்டத்தட்ட எல்லோரும் மறக்கும் ஒரு காலம் இருக்கிறது. நீங்கள் கண்மூடிய நாளுக்கும் அறங்காவலர் அலுவலகம் முதல் மாதப் பணத்தை அனுப்பும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இறப்புச் சான்றிதழ் வாங்கி, தேவையான இடத்தில் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து, வைப்புகளை மாற்றி, கணக்குத் திறந்து முடிப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதுவரை உங்கள் மகனின் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஓர் ஆண்டுச் செலவுக்கான தொகையை மட்டும், பார்த்துக்கொள்ளப்போகிறவர் உடனே எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் வையுங்கள். இந்த ஒரு தொகைக்குத் தம்பி மகனை நம்பலாம். நம்பவும் வேண்டும்.

நாமினி பெயர்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உயிலில் எல்லாம் டிரஸ்ட்டுக்கு என்று எழுதிவிட்டு, வங்கி வைப்பில் கணவர் பெயரோ தம்பி மகன் பெயரோ நாமினியாக நின்றால் குழப்பம் அங்கேதான் தொடங்கும். சில நாடுகளில், சில வகைப் பணத்துக்கு நாமினியே உரிமையாளர் ஆகிவிடுவார். வேறு இடங்களில் அவர் வாங்கி வாரிசிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. உங்களுடையது எந்த வகை என்று வங்கியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அலுவலகம் செய்யாத வேலை. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். அரசு அறங்காவலர் உங்கள் மகனின் பணத்தைக் காப்பார், உங்கள் மகனைப் பார்த்துக்கொள்ள மாட்டார். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. பராமரிப்பு இல்லத்தில் சரியாகக் கவனிக்கிறார்களா, புதிதாக வாங்கிக் கொடுத்த சட்டை அவர் உடம்பில்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது கோப்பால் நடக்காது. சில நாடுகளில் காப்பாளர் பொறுப்பும் அதே அலுவலகத்தில் உண்டு. அங்கேகூட அது பெரிய முடிவுகளை எடுப்பதற்கான அதிகாரம்தான், தினசரி அரவணைப்பு அல்ல.

எனவே தம்பி மகனை ஒதுக்கிவிடாதீர்கள். பணத்தை அலுவலகத்திடம் கொடுங்கள், மகனை அவரிடம் ஒப்படையுங்கள். அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “பணம் உன் பேரில் இல்லை, உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நாளைக்கு யாரும் உன்னைக் கைநீட்டிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகத்தான்.” உண்மையும் அதுதான். பணத்தையும் ஆளையும் ஒருவரே பார்த்தால், அவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. அவர் செய்யும் வேலைக்கு டிரஸ்ட்டிலிருந்து ஒரு தொகை தரச் சொல்லி எழுதுவதிலும் தவறில்லை. நாற்பது ஆண்டு உழைப்பைச் சும்மா எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அவருக்குப் பிறகு யார் என்று இரண்டாவது பெயர் ஒன்றையும் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு கடிதம். சட்டப் பத்திரம் இல்லை, நீங்களே உங்கள் கைப்பட எழுதுவது. உங்கள் மகனை ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் அதிகாரி நாளை அவருக்காக முடிவெடுக்கப்போகிறார். அவருக்கு மகனை அறிமுகம் செய்யுங்கள். எந்த மருந்து எந்த நேரம், எது ஒவ்வாது, எந்த மருத்துவர் என்பதோடு நிற்காதீர்கள். விளக்கை முழுதும் அணைத்தால் தூங்க மாட்டார், கூட்டத்தில் காதைப் பொத்திக்கொள்வார், வலித்தால் என்ன செய்வார், எந்தப் பாட்டு கேட்டால் அமைதியாவார், யார் வீட்டுக்குப் போனால் சந்தோஷப்படுவார் என்றெல்லாம் எழுதுங்கள். “மாதம் ஒருமுறை ரயிலில் அழைத்துப்போக வேண்டும், அது வீண்செலவு அல்ல” என்று நீங்கள் எழுதிவைத்தால், அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இல்லாவிட்டால் ‘அத்தியாவசியம் இல்லை’ என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, ஒரு நகலை அலுவலகக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்தச் சேவை இலவசம் அல்ல. சொத்தை ஏற்கும்போது ஒன்று, ஆண்டுதோறும் ஒன்று, வருமானத்தில் ஒரு விழுக்காடு, வீட்டை விற்றால் தனியாக ஒன்று என்று நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், அரசு அறங்காவலர் வாங்கும் கட்டணங்கள் எளியவர்களின் சேமிப்பை எப்படிக் கரைக்கின்றன என்று சொந்தமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்காகப் பேசும் அங்குள்ள அரசு அதிகாரியே (Public Advocate) ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டார். அரசு அலுவலகம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கட்டண அட்டவணையை வாங்கி, உங்கள் தொகைக்கு முதல் ஆண்டில் எவ்வளவு, பத்து ஆண்டில் எவ்வளவு என்று அவர்களையே கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொகை சிறியதாக இருந்து கட்டணம் அதன் வருமானத்தையே விழுங்கிவிடும் என்றால், வேறு டிரஸ்டியைப் பார்ப்பதே மேல். மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் சங்கங்கள் சில இடங்களில் கூட்டு டிரஸ்ட் நடத்துகின்றன, அவர்களிடமும் விசாரியுங்கள்.

வீட்டுக்குத் தனி வரி வேண்டும். டிரஸ்டியின் பார்வையில் அது பராமரிப்புச் செலவும் வரியும் கேட்கும் ஒரு சொத்து. விற்று முதலீடு செய்தால் மகனுக்கு அதிக வருமானம் என்று அவர் நினைத்தால், அது தவறான முடிவு ஆகாது. மகன் அந்த வீட்டிலேயே வாழ வேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்றால் அப்படியே எழுதுங்கள். எந்த நிலையில் விற்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது” என்று மட்டும் கட்டிப்போட வேண்டாம். கூரை ஒழுகி, கையில் பணம் இல்லாமல், விற்கவும் முடியாமல் ஒரு வீடு அவர் தலைமேல் நின்றால் அது அவருக்குத் தண்டனை.

கடைசிக் கேள்வி, மனம் மாறினால் என்ன செய்வது என்பது. அது நீங்கள் எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயிலில் டிரஸ்ட் ஏற்படுத்தி, அரசு அறங்காவலரை டிரஸ்டியாக எழுதினால், நீங்கள் இருக்கும்வரை பணம் உங்களுடையதுதான். நல்ல நினைவோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம். இப்போதே டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால், ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்திருந்தால் ஒழிய, பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. உங்களுக்கு உயில் வழியையே சொல்வேன். இன்னும் நீங்கள் திடமாக இருக்கிறீர்கள், உங்கள் செலவுக்கும் அந்தப் பணம் வேண்டும். ஒருவேளை உங்கள் நினைவாற்றல் குன்றும் என்ற அச்சம் இருந்தால், சிறு தொகையோடு இப்போதே டிரஸ்ட்டைத் தொடங்கி, பெரும்பகுதி உயில் மூலம் அதில் வந்து சேரும்படி செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் முடியும்.

எந்த வழியானாலும், எழுதுவதற்கு முன் அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், இந்த டிரஸ்ட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள். மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தொழில் நடத்த வேண்டிய டிரஸ்ட், கடனில் மூழ்கிய சொத்து போன்றவற்றைப் பொதுவாகத் தொட மாட்டார்கள். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் பத்திரம், வைப்பு ரசீதுகளின் நகல், மகனின் குறைபாட்டுச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு போங்கள். தம்பி மகனையும் கூட அழைத்துப்போங்கள், பின்னால் அந்தப் படிகளில் ஏறப்போகிறவர் அவர்தான். உயிலை அந்தத் துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். நல்ல நினைவோடுதான் எழுதினீர்கள் என்று அன்றைய தேதியிலேயே ஒரு மருத்துவச் சான்றும் வாங்கி, உயிலோடு சேர்த்து வையுங்கள்.